வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நீதிபதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய இந்திக் குடும்பப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தப் படங்களை இன்றைய வாசகர்களுக்கு நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால், மகன் கெட்டுப்போவான், தாய் அழுவாள், அந்தக் கண்ணீரில் அவன் திருந்துவான், எல்லாப் படத்துக்கும் இதே சூத்திரம்தான் என்று கட்டுரை முடித்துவிட்டது. 'தீவார்' படத்தில் தாய் கடைசியில் மூத்த மகனை மன்னித்து ஏற்றுக்கொள்கிறாள் என்றும் ஒரு வரி இருந்தது. இரண்டும் தவறு.

'தீவார்' தாய் மன்னிப்பதில்லை. அண்ணனைப் பிடிக்கப் புறப்படும் இளைய மகனிடம், சுடும்போது கை நடுங்கக் கூடாது என்று அவளே வாழ்த்தி அனுப்புகிறாள். அனுப்பிய கையோடு, மூத்தவன் வருவான் என்று கோயிலில் போய்க் காத்திருக்கிறாள். குண்டடி பட்டு வந்தவன் அவள் மடியில் உயிர்விடுகிறான். தண்டனைக்கு ஒப்புதல் கொடுத்ததும் அவள்தான், அழுததும் அவள்தான். ஒன்றுக்காக மற்றொன்றை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. படம் முழுவதும் இந்த இடத்துக்காகவே கட்டப்பட்டிருக்கிறது.

1951 முதல் 1982 வரை வந்த முக்கியமான படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே தூண் தெரியும். குற்றவாளிக்குத் தீர்ப்பு சொல்பவர் அவன் வீட்டிலேயே இருக்கிறார். 'ஆவாரா'வில் அப்பா நீதிபதி. 'மதர் இந்தியா'வில் துப்பாக்கி தாயின் கையில். 'கங்கா ஜமுனா'விலும் 'தீவா'ரிலும் தம்பி போலீஸ். 'சக்தி'யில் அப்பா போலீஸ். வெளியே இருக்கும் நீதிமன்றம் இந்தப் படங்களில் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். எனவே 'மகன் எப்போது திருந்துகிறான்?' என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் படம் கைக்கு வராது. 'முதல் தப்பு யாருடையது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?' என்று கேட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

'ஆவாரா'வையே (1951) எடுத்துக்கொள்வோம். ராஜ் கபூர் இயக்கம், கதை குவாஜா அகமது அப்பாஸ். திருடன் மகன் திருடனாகத்தான் ஆவான் என்று நம்புகிறவர் நீதிபதி ரகுநாத். அந்த நம்பிக்கையின் பேரில், குற்றம் செய்யாத ஜக்காவுக்குத் தண்டனை விதிக்கிறார். ஜக்கா பழி தீர்க்க நீதிபதியின் மனைவியைக் கடத்துகிறான். அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறான். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து நீதிபதி அவளை வெளியே தள்ளுகிறார். சேரியில் வளரும் பிள்ளையை ஜக்கா திருடனாக்குகிறான். நீதிபதியின் கொள்கையை அவர் ரத்தத்தை வைத்தே பொய்யாக்குவதுதான் அவன் வாங்கும் பழி. சீதையைக் காட்டுக்கு அனுப்பிய கதையை எலும்பாக வைத்து, அதன்மேல் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் போர்த்தியிருக்கிறார் அப்பாஸ். கடைசியில் மகனுக்கு மூன்றாண்டு சிறை கிடைக்கிறது. அவன் அந்தத் தண்டனையை ஏற்றுக்கொள்கிறான். மகனிடம் மன்னிப்புக் கேட்டு நிற்பவர் அப்பா. திருந்துவது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

நடிகர் தேர்விலும் இதே வேலை நடந்திருக்கிறது. நீதிபதியாக பிரித்விராஜ் கபூர், மகனாக அவருடைய சொந்த மகன் ராஜ் கபூர், சிறுவனாக ராஜின் தம்பி சசி கபூர். தொடக்க நீதிமன்றக் காட்சியில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பிரித்விராஜின் தந்தை பசேஷ்வர்நாத். மூன்று தலைமுறை ஒரே வழக்கில்! 'கங்கா ஜமுனா'வில் திலீப் குமாரைச் சுடும் தம்பியாக வருபவர் அவருடைய உடன்பிறந்த தம்பி நாசிர் கான். விளம்பரத்துக்குச் செய்த ஏற்பாடென்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. அந்த இரண்டு முகங்களிலும் ஒரே ஜாடை இருப்பதால், சுடுகிறவன் தன்னைத்தானே சுட்டுக்கொள்வதுபோல் ஆகிறது.

'ஆவாரா'வின் கனவுக் காட்சியைப் பலரும் பாட்டு என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார்கள். சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் அந்தப் பகுதியில் நரகமும் சொர்க்கமும் வருகின்றன. நடுவில் படிக்கட்டு, கத்தியோடு ஜக்கா. அதுவரை நாயகன் தன் தொழிலைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறவன். திருட்டை விட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அவனுக்குள் இருப்பதை வசனத்தில் ஒருமுறைகூட நேராகச் சொல்ல முடியாது, சொன்னால் பாத்திரம் உடைந்துபோகும். ஆகவே கனவில் சொல்லியிருக்கிறார்கள். அதை வெட்டிவிட்டால், அடுத்து அவன் ஒழுங்காகப் பிழைக்க முயல்வது காரணமில்லாமல் நிற்கும். 'திடீரென்று திருந்துகிறான்' என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது.

அடுத்து 'மதர் இந்தியா' (1957). மெஹ்பூப் கான் தன்னுடைய 'ஔரத்' (1940) படத்தையே திரும்ப எடுத்தார். வட்டிக்காரன் சுக்கிலாலாவாக இரண்டிலும் கன்னையாலாலே நடித்தார். தாய்ப்பாசப் படம் என்று இதைச் சொல்கிறார்கள். நான் இதைக் கடன் படம் என்பேன். கல்யாணச் செலவுக்கு மாமியார் வாங்கியது 500 ரூபாய். கைநாட்டு வைத்த பத்திரத்தின்படி வட்டி, விளைச்சலில் நாலில் மூன்று பங்கு. முதல் அப்படியே நிற்கும். எத்தனை அறுவடை கொடுத்தாலும் கணக்கு தீராது. நிலம், மாடு, பாத்திரம், கங்கணம் என்று ஒவ்வொன்றாகப் போகும் வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாத இளைய மகன் பிர்ஜு அந்தக் கணக்குப் புத்தகத்தின்மேல்தான் வெறி கொள்கிறான். அடகுபோன அம்மாவின் கங்கணம் வட்டிக்காரன் மகள் ரூபாவின் கையில் கிடக்கிறது. கொள்ளைக்காரனாகி சுக்கிலாலாவைக் கொன்ற பிறகும் அவன் தாயின் துப்பாக்கிக்கு இலக்காகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரூபாவைக் கல்யாண நாளில் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் தாய் ராதா சுடுகிறாள். ஊர்ப் பெண்ணின் மானத்துக்கு அவள் கொடுத்த வாக்கு அது. அவள் தராசில் கொலையைவிட அது கனம். இந்த வரிசை புரியாமல் 'தாய் மகனைச் சுட்டாள்' என்று மட்டும் எழுதினால் படத்தின் பாதி போய்விடும்.

இன்னொரு தகவல். தாயாக நடித்த நர்கிஸும் மகனாக நடித்த சுனில் தத்தும் 1929 ஜூனில் ஐந்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். படப்பிடிப்பில் நெருப்பு சூழ்ந்தபோது நர்கிஸைக் காப்பாற்றியவர் சுனில் தத். மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள்.

'கங்கா ஜமுனா' (1961) பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது அதுதான்: மொழி. ஊரிலேயே இருந்துவிட்ட கங்கா அவதி கலந்த வட்டார வழக்கில் பேசுகிறான். பட்டணத்தில் படித்துவந்த ஜமுனா செம்மையான இந்தியில் பேசுகிறான். அண்ணன் உழைத்து அனுப்பிய பணத்தில் தம்பிக்குக் கிடைத்த படிப்பே இருவருக்கும் நடுவில் சுவராக நிற்பதை ஒவ்வொரு வாக்கியமும் காதில் போட்டுக்கொண்டே இருக்கிறது. வசனம் வஜாஹத் மிர்ஸா. சப்டைட்டிலில் இருவரும் ஒரே தமிழில் பேசினால் அந்தச் சுவர் காணாமல் போகும். அண்ணனுக்குக் கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ கொடுத்து, தம்பிக்கு ஏட்டுத் தமிழ் கொடுத்தால்தான் ஓரளவு சமமாகும். சிவாஜி கணேசன் நடித்த 'இரு துருவம்' (1971) இதன் தமிழ் வடிவம்.

'மதர் இந்தியா', 'கங்கா ஜமுனா' இரண்டின் பிள்ளைதான் 'தீவார்' (1975) என்பதை அதை எழுதிய இரட்டையர் சலீம்-ஜாவேதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பம்பாய்க் கடத்தல்காரர் ஹாஜி மஸ்தானின் வாழ்க்கை வரலாறு என்று தங்கள் கட்டுரை சொல்வது மிகை. துறைமுகக் கூலி கடத்தல்காரன் ஆவது என்ற அளவுக்கு நிழல் உண்டு. எலும்புக்கூடு மேலே சொன்ன இரண்டு படங்களிலிருந்து வந்தது.

இதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதை ஒரு கையெழுத்தில் தொடங்குகிறது. தொழிற்சங்கத் தலைவர் ஆனந்த் வர்மா, கடத்தப்பட்ட மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற முதலாளியின் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். தொழிலாளிகள் அவரைத் துரோகி என்கிறார்கள். அவர் ஊரைவிட்டு ஓடுகிறார். மூத்த பிள்ளை விஜயின் கையில், அப்பன் திருடன் என்று பச்சை குத்திவிடுகிறார்கள். வருடங்கள் கழித்து, போலீஸ் அதிகாரியான தம்பி ரவி அண்ணனிடம் கேட்பதும் ஒரு கையெழுத்துத்தான், குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில். அப்போது விஜய் பச்சை குத்தியவர்களின் பேச்சை எடுப்பது வாதத்தில் ஜெயிக்க மட்டும் என்று தோன்றும். உண்மையில், அப்பாவைக் கெடுத்த அதே காரியத்தைத் தன்னைச் செய்யச் சொல்கிறார்கள் என்று அவன் உடம்பே மறுக்கிறது. தந்தையின் சிதைக்குத் தீ வைக்கும் கையிலும் அந்தப் பச்சை இருக்கிறது. இதற்கு எதிர் எடையாக, முஸ்லிம்கள் புனிதமாகக் கருதும் 786 எண் கொண்ட கூலி வில்லை (பேட்ஜ்). மார்பில் வில்லை காக்கிறது, கையில் பச்சை சுடுகிறது. வில்லை கைநழுவிப் போன பிறகுதான் குண்டு பாய்கிறது.

ரவியின் பக்கத்தையும் எழுத்தாளர்கள் சும்மா விடவில்லை. அண்ணன்மேல் நடவடிக்கை எடுக்கத் தயங்குகிறவன், ரொட்டி திருடி ஓடிய ஒரு பையனைக் காலில் சுட்டுவிடுகிறான். அந்த வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறான். பையனின் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏ.கே. ஹங்கல். திருட்டு சின்னதோ பெரியதோ திருட்டுத்தான் என்று அவர் சொல்லும்போது ரவிக்கு வேறு வழி இல்லாமல் போகிறது. சில நிமிடங்களே வரும் இந்தக் காட்சி இல்லையென்றால் ரவி வெறும் கடமை வீரன். விஜய்க்கும் இதேபோல் ஒரு திருப்பம் உண்டு. அனிதா கர்ப்பமானதும் சரணடைய முடிவெடுக்கிறான். அவள் கொல்லப்படுகிறாள். பழி வாங்கப் போகிறான். திருந்தும் எண்ணம் வந்துவிட்டது, ஆனால் ஒரு அடி தாமதமாக வந்தது. இந்த ஒரு அடிதான் இந்த வகைப் படங்களின் உயிர்நாடி.

தமிழில் கே. பாலாஜி தயாரிப்பில் ரஜினிகாந்த் நடித்து 'தீ' (1981) என்று வந்தது. தாயாக சௌகார் ஜானகி. காட்சி வரிசை பெரும்பாலும் அப்படியே.

'சக்தி' (1982) வரும்போது நாம் இந்திக்குக் கடன்பட்டவர்கள் என்ற நினைப்பைச் சற்று ஒதுக்கிவைக்கலாம். போலீஸ் தந்தை, குற்றவாளி மகன், தந்தையே சுடுவது: இந்த மூன்றும் மகேந்திரன் எழுதி சிவாஜி நடித்த 'தங்கப்பதக்க'த்தில் எட்டாண்டுகளுக்கு முன்பே, 1974-இல் வந்துவிட்டன. 'சக்தி'யில் சலீம்-ஜாவேத் சேர்த்தது தொலைபேசிக் காட்சி. மகனைக் கடத்தியவர்கள் பேசும்போது, கைதியை விடமாட்டேன், பிள்ளை போனாலும் சரி என்கிறார் தந்தை திலீப் குமார். மறுமுனையில் பையன் அதைக் கேட்டுவிடுகிறான். அவனைத் தப்பவிடுகிறவன் கும்பலில் ஒருவனான நாரங். வளர்ந்த பிறகு மகன் போய்ச் சேர்வதும் அந்த நாரங்கிடமே. காரணமும் விளைவும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் திரைக்கதை அரிது.

இனி, பிராயச்சித்தம் என்பது மரணமாக இல்லாமல் உழைப்பாக வரும் படங்கள். தங்கள் கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. 'துஷ்மன்' (1971) படத்தில் லாரி ஏற்றி ஒரு விவசாயியைக் கொன்ற ஓட்டுநருக்கு (ராஜேஷ் கன்னா) நீதிபதி தரும் தண்டனை, இறந்தவர் குடும்பத்தோடு இரண்டு ஆண்டு தங்கி அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது. அந்த இரண்டு ஆண்டு சும்மா எடுத்த எண் அன்று. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவின் உச்சத் தண்டனை அன்று இரண்டு ஆண்டுதான். சட்டம் சொன்ன காலத்தை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விதவையாக மீனா குமாரி. அவள் மன்னிப்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டிருப்பதுதான் படத்தின் பலம். தமிழில் 'நீதி' (1972). சிவாஜியின் குடிகார ஓட்டுநரும் சௌகார் ஜானகியின் விதவையும் மூலத்துக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர்.

சாந்தாராமின் 'தோ ஆங்க்கே(ன்) பாரஹ் ஹாத்' (1957) ஆறு கொலைக் கைதிகளை வெட்டவெளிப் பண்ணைக்கு அழைத்துப்போகும் சிறை அதிகாரியின் கதை. அதன் வேர், 1939-இல் அவுந்த் சமஸ்தானத்தில் ஸ்வதந்த்ரபூர் என்ற இடத்தில் உண்மையாகவே தொடங்கப்பட்ட திறந்தவெளிச் சிறை. எம்.ஜி.ஆரின் 'பல்லாண்டு வாழ்க' (1975) இதன் தமிழாக்கம். பிமல் ராயின் 'பந்தினி' (1963) இந்த வரிசையில் பெண்ணை மையத்தில் வைத்த அரிய படம். அதன் மூலக் கதையை எழுதிய 'ஜராசந்தா' சிறை அதிகாரியாக வேலை பார்த்தவர். சிறைக்குள் பெண்கள் மாவரைப்பதும் சுவருக்கு அப்பால் கேட்கும் குரலும் அவ்வளவு நம்பும்படி இருப்பதற்கு அதுதான் காரணம். காதலனின் மனைவியை விஷம் வைத்துக் கொன்ற கல்யாணி, நல்ல மருத்துவரின் கையை விட்டுவிட்டு, நோயாளியாகிவிட்ட பழைய காதலனோடு படகேறுவதைத் தியாகம் என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அவள் கடனைத் தானே கணக்குப் போட்டுத் தானே அடைக்கிறாள் என்றே எனக்குப் படுகிறது.

தீர்ப்பு யார் கையில் என்பதில் அரசாங்கத்துக்கும் அக்கறை இருந்ததற்கு 'ஷோலே' (1975) சாட்சி. முதலில் எடுத்த முடிவில், முன்னாள் போலீஸ் அதிகாரி டாக்கூர் தன் ஆணி பதித்த செருப்பாலேயே கொள்ளைக்காரன் கப்பரைக் கொன்றுவிடுகிறார். நெருக்கடிநிலைக் காலத் தணிக்கை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் போலீஸ் வந்து தடுத்துக் கைதுசெய்வதாக மாற்றி எடுத்தார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரரானாலும் வீட்டுக்கு வீடு தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அன்றைய நிபந்தனை.

மறுஆக்கங்களில் எங்கே இடறுகிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 'ஜஞ்ஜீர்' (1973) படத்தில் சூதாட்ட விடுதி நடத்தும் ஷேர் கான் (பிரான்), சீருடை இல்லாமல் தன்னோடு மோத வந்த போலீஸ் அதிகாரியின் துணிவைப் பார்த்து மனம் மாறுகிறான். ஒரு மனிதனின் நேர்மை இன்னொருவனுக்குத் தொற்றுகிறது. 'சிரித்து வாழ வேண்டும்' (1974) படத்தில் அதிகாரியும் எம்.ஜி.ஆர்., மனம் மாறுகிறவரும் எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு இருவரும் ஒரே முகமாக, முதலிலிருந்தே நல்லவராகத் தெரிவதால் மாற்றத்தின் எடை குறைந்துவிடுகிறது.

வெட்டப்பட்ட பிரதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தப் படங்களில் பல, முடிவிலிருந்து தொடங்குபவை. 'ஆவாரா' நீதிமன்றத்தில் தொடங்கும். 'மதர் இந்தியா' கால்வாய்த் திறப்புக்கு அழைக்கப்படும் கிழவி ராதாவிடம் தொடங்கும்; அந்தத் தண்ணீர்தான் இறுதியில் சிவப்பாகிறது. 'தீவார்' பதக்க விழாவில் தொடங்கும், 'சக்தி' பேரனோடு. நேரம் மிச்சப்படுத்த முதல் பத்து நிமிடத்தை வெட்டினால், தீர்ப்பு சொன்னவர் அந்தத் தீர்ப்போடு எத்தனை வருடம் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பது அடியோடு போய்விடும். இணையத்தில் பார்ப்பவர்கள் தொடக்கத்தைத் தள்ளிவிடாமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். 'தீவார்' தாயைப் பற்றிய வரிக்கு வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்து இப்படிப்பட்ட கட்டுரை வரும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, இயக்குநர், தமிழ் வடிவம் இருந்தால் அதன் பெயர் ஆகியவற்றோடு, கதை வசனம் எழுதியவர்கள் பெயரையும் கட்டாயம் போடுங்கள். தங்கள் கட்டுரையில் பதினோரு நடிகர்களின் பெயர் இருக்கிறது. அப்பாஸ் இல்லை, வஜாஹத் மிர்ஸா இல்லை, சலீம்-ஜாவேத் இல்லை. 'ஜஞ்ஜீர்' சுவரொட்டிகளில் தங்கள் பெயர் இல்லாததைக் கண்டு, ஆள் வைத்து பம்பாய் முழுவதும் அந்தச் சுவரொட்டிகளின் மேல் பெயரை எழுதவைத்தவர்கள் இந்த சலீம்-ஜாவேத்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்